இருதயத்தின் கணக்கை எழுதிய வில்லியம் ஹார்வி

மனித உடம்பிலுள்ள உறுப்புக்களுள் ஓய்வென்பதை அறியாதது இருதயம். கண் இரவிலே மூடுகின்றது. கையுங் காலும் களைத்தவிடத்துச் சோர்ந்து கிடக்கின்றன. நாவும் உறக்கத்திலே அடங்குகின்றது. இருதயமோ தாயின் வயிற்றிலே தொடங்கிய தொழிலை இறுதி மூச்சு வரையும் நடத்துகின்றது. வாசகர் தம் வலக்கை விரல்களை இடக்கை மணிக்கட்டிலே, பெருவிரற் பக்கமாக, மெல்ல வைத்துப் பார்ப்பாராயின் அத்தொழிலின் தாளத்தை உணர்வார். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 72 முறை. ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல்.

இத்துடிப்பை மனிதர் மிகப் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். நாடி பார்த்து நோய் கூறும் முறை நம் நாட்டு வைத்தியரிடத்தும் இருந்தது; சீனரிடத்தும் கிரேக்கரிடத்தும் இருந்தது. ஆனால் இருதயம் தள்ளும் குருதி எங்கே போகின்றது, போன குருதி என்னாகின்றது என்னும் எளிய வினாவுக்கு 1628-ம் ஆண்டு வரையும் எவரும் முழுமையான விடை எழுதி வைக்கவில்லை. அவ்விடையைக் கண்டவர் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய வில்லியம் ஹார்வி என்பவர். அவருடைய வரலாற்றை ஈண்டு இயன்றவரை கூற முயல்கின்றோம். இது வைத்தியக் கல்லூரி மாணவர்க்கு மாத்திரம் உரிய கதையன்று. இருதயம் உள்ள அனைவர்க்கும் உரியது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்கிழக்கிலே, கென்ற் மாகாணத்திலே, கடலோரத்தில் உள்ளது போக்ஸ்டன் என்னும் ஊர். அவ்வூரிலே 1578-ம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 1-ந் திகதி ஹார்வி பிறந்தார். தந்தையார் தோமஸ் என்பவர் வணிகர்; ஊரவரால் நன்கு மதிக்கப்பட்டு நகரபிதாவாகவும் இருந்தவர். ஆண்மக்கள் எழுவருள் வில்லியம் மூத்தவர். தம்பிமாருட் பலர் பிற்காலத்தில் இலண்டன் மாநகரிலே பெருவணிகராகி, கீழைத்தேசங்களோடு வியாபாரஞ் செய்து செல்வம் ஈட்டினர். மூத்தவர் மாத்திரம் வேறு வழியிற் சென்றார்.

பத்து வயதிலே கான்டபரி நகரத்து அரசர் பாடசாலையிற் சேர்ந்தார். 1593-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கீஸ் கல்லூரியிலே புகுந்து, 1597-ல் பட்டம் பெற்றார். அக்காலத்திலே வைத்தியம் கற்க விரும்பினோர் நாடிச் சென்ற இடம் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரம். ஹார்வியும் அங்குச் சென்றார். அவர் அங்கே பயின்ற நாட்களிலே அச்சர்வகலாசாலையிற் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் உலகறிந்த கலிலியோ ஆவார்.

பாதுவாவிலே ஹார்விக்கு வாய்த்த ஆசிரியர் பப்ரிசியஸ் என்பவர். மனித உடலை வெட்டிக் காட்டிப் பாடஞ் சொல்லுதற்கென்றே அங்கு ஒரு மண்டபம் 1595-ம் ஆண்டளவில் அமைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு மேசை. அதைச் சூழ்ந்து கிணற்றின் உட்சுவர்போல் ஒன்றன்மேலொன்றாக ஆறு படிவட்டங்கள். மாணவர் அப்படிவட்டங்களிலே நெருங்கி நின்று, கைப்பிடிச் சுவரிற் சாய்ந்து, விளக்கொளியிலே கீழே நடப்பதைக் குனிந்து பார்ப்பர். அம்மண்டபம் இன்றும் அழியாது நிற்கின்றது.

அங்கேதான் பப்ரிசியஸ் ஒரு புதுமையைக் காட்டினார். உடலிலுள்ள குருதிக் குழாய்கள் இருவகை. இருதயத்தினின்று வெளிச் செல்வன நாடிகள். இருதயத்துக்குத் திரும்புவன நாளங்கள். கைகால்களிலுள்ள நாளங்களை நீளக் கீறிப் பார்த்தபோது, உள்ளே சிறுசிறு கதவுகள் இடையிடையே இருக்கக் கண்டார் பப்ரிசியஸ். ஆனால் அக்கதவுகள் ஏன் உள்ளன என்பதை அவர் சரியாக அறிந்திலர். குருதி கீழுறுப்புக்களிலே பெருகித் தேங்காதபடி தடுத்து மெதுவாக்குதற்கே அவை உள்ளன என எண்ணிவிட்டார். ஆசிரியர் கண்டு காட்டிய கதவைத் திறந்து உள்ளே செல்லும் பேறு மாணவனுக்கு வாய்த்தது.

1602-ம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 25-ந் திகதி ஹார்வி வைத்திய கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1604-ல் இராசவைத்தியர் ஒருவருடைய மகளாராகிய எலிசபெத்து அம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1607-ல் வைத்தியர் கழகத்தின் அங்கத்தவராயினார். 1609-ல் ஏழைகளுக்கென நிறுவப்பட்ட புனித பார்த்தலோமியு வைத்தியசாலைக்கு வைத்தியரானார். வருடச் சம்பளம் 25 பவுண். வாரத்தில் ஒருநாளேனும் அவ்வைத்தியசாலை மண்டபத்திலே அமர்ந்து, வரும் நோயாளரைப் பார்த்து மருந்தெழுதிக் கொடுக்கவேண்டும். 30 வருடங்களுக்கு மேல் அப்பணியிலே நின்றார்.

பழைய கொள்கை

ஹார்வியின் பெருமையை உணரவேண்டின் அவருக்கு முன்னிருந்த கொள்கையைச் சிறிது அறிதல்வேண்டும். கி.பி. 2-ம் நூற்றாண்டிலே வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியருடைய நூல்களே ஐரோப்பாவிலே 1400 ஆண்டுகளாக வைத்தியர்க்கு வேதமாக விளங்கின. உண்ட உணவு ஈரலிலே குருதியாக மாறுகின்றது. அக்குருதி நாளங்களின் வழியே உடலெங்கும் சென்று, வயலிற் பாய்ந்த நீர் மண்ணிலே சுவறுவதுபோல, உறுப்புக்களிலே சுவறிவிடுகின்றது. அடுத்த உணவினாலே புதிய குருதி உண்டாகின்றது. இது கேலன் கொள்கை. இருதயத்தின் வலப்பக்கத்துக் குருதியிற் சிறிதளவு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகளினூடே இடப்பக்கம் கசிகின்றது என்றும் அவர் எழுதினார்.

கேலன் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. அவர் எழுதியவற்றுட் பல சரியானவையே. குற்றம் அவருடையதன்று, பின்வந்தோர் தம் கண்ணை மூடிக்கொண்டு அவர் நூலை மாத்திரம் திறந்து வைத்திருந்தமையே குற்றமாம். அத்துளைகளைத் தேடிக் காணாதவர் ஒருசிலர் இருந்தனர். 13-ம் நூற்றாண்டிலே இபின் அல் நபீஸ் என்னும் அராபிய வைத்தியர் நடுச்சுவரிலே துளையில்லை என்றும், குருதி சுவாசப்பையினூடாகவே இடப்பக்கம் வருகின்றது என்றும் எழுதினார். 16-ம் நூற்றாண்டிலே வெசாலியஸ் துளைகளைப்பற்றி ஐயுற்றார். கொலம்போ என்பார் சுவாசப்பை வழியை ஆராய்ந்து கூறினார். ஆனால் உடல் முழுவதையும் குருதி சுற்றி வருகின்றது என்ற முழு உண்மையை நிறுவியவர் எவருமிலர்.

கண்டும் எண்ணியும் தெளிந்தமை

1616-ம் ஆண்டு தொடக்கம் ஹார்வி வைத்தியர் கழகத்திலே உடற்கூற்றியல் விரிவுரைகள் நிகழ்த்தி வந்தார். தாம் கருதியதை உடனே அச்சிட்டு ஊரறியச் செய்யும் அவசரம் அவரிடம் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சகபாடிகளாகிய வைத்தியர் முன்னிலையிலே, கண்ணாற் காணக்கூடிய சோதனைகளைச் செய்து காட்டி, அவர்கள் கூறிய தடைகளுக்கெல்லாம் விடை கண்ட பின்னரே நூலெழுதினார்.

முதலிலே அவருக்கு நேர்ந்த இடர் பெரிது. உயிருள்ள நாயின் இருதயம் அதிவேகமாக அடிப்பதனால், சுருங்குவது எப்போது, விரிவது எப்போது என்று பிரித்தறிய இயலவில்லை. இதனை இறைவனொருவனே அறிவான் என்று எண்ணித் தளர்ந்தார். பின்னர் தவளை, பாம்பு, மீன் முதலிய குளிர்ந்த குருதிப் பிராணிகளை நாடினார். அவற்றின் இருதயம் ஆறுதலாக அடிக்கும். சாகுந்தறுவாயிலுள்ள பிராணிகளின் இருதயம் இன்னும் ஆறுதலாக அடிக்கும். அங்கே உண்மை புலப்பட்டது. இருதயம் கையை முறுக்கிப் பிடிப்பதுபோலச் சுருங்குகின்றது. சுருங்கும்போதே குருதி வெளியே பாய்கின்றது. மார்பிலே நாம் உணரும் அடியும் மணிக்கட்டிலே நாம் உணரும் துடிப்பும் அச்சுருக்கத்தின் பயனே. இருதயம் விரிந்து இழுப்பதே அதன் தொழில் என முன்னோர் பலர் கருதியிருந்தனர். அது சுருங்கித் தள்ளும் தசையென ஹார்வி காட்டினார்.

அடுத்ததாக அவர் செய்தது ஒரு சிறுவனும் செய்யக்கூடிய பெருக்கற் கணக்கு. இறந்த மனிதனொருவனுடைய இருதயத்தின் இடக் கீழறையிலே இரண்டு அவுன்சுக்கு மேல் குருதி அடங்கியிருக்கக் கண்டார். ஒவ்வோர் அடியிலும் அதில் நாலிலொரு பங்காகிய அரை அவுன்சு மாத்திரம் வெளியேறுவதாகக் கொள்வோம். அரைமணி நேரத்திலே ஆயிரம் அடி மாத்திரம் அடிப்பதாகவும் கொள்வோம். அரைமணிக்குள் 500 அவுன்சு. அக்கால மருந்து நிறையிலே 12 அவுன்சு ஓர் இறாத்தலாதலின் இது 41 இறாத்தலுக்கு மேலாகின்றது. எந்த மனித உடலிலும் இவ்வளவு குருதி இல்லை. எந்த மனிதனும் அரைமணியில் இவ்வளவு குருதியை உண்டாக்குதற்கு வேண்டிய உணவை உண்பதுமில்லை. எதிர்ப்பவர்க்கு இடங்கொடாதிருக்கும்பொருட்டு எண்களையெல்லாம் குறைத்தே எடுத்தார். ஆட்டின் உடலிலே நாலு இறாத்தலுக்கு மேல் குருதியில்லை என்பதையும் தாமே அளந்து அறிந்தார்.

அப்படியாயின் இக்குருதி எங்கிருந்து வருகின்றது? போன குருதியே திரும்பி வரவேண்டும், வேறு வழியில்லை.

இதனை உறுதிப்படுத்த அவர் செய்த சோதனை மிக எளிது. புயத்தை ஒரு துணியினால் இறுகக் கட்டினால் கை வெளிறிக் குளிர்கின்றது, மணிக்கட்டிலே துடிப்பில்லை. கட்டைச் சிறிது தளர்த்தினால் ஆழத்திலுள்ள நாடிவழியே குருதி கைக்குள் பாய்கின்றது. தோலுக்கு அண்மையிலுள்ள நாளங்கள் இன்னும் அடைபட்டே இருத்தலினால் கை சிவந்து வீங்கி, நாளங்கள் கயிறுபோற் புடைக்கின்றன. ஆகவே குருதி நாடிவழியே வந்து நாளவழியே திரும்புகின்றது. புடைத்த நாளத்திலே கதவுகள் உள்ள இடங்கள் முடிச்சுக்கள்போலத் தோன்றும். ஒரு விரலால் நாளத்தை அழுத்தி, மறுவிரலாலே குருதியை மேனோக்கித் தள்ளினால் எளிதிற் செல்லும். கீழ்நோக்கித் தள்ளினாற் கதவு மூடித் தடுத்துவிடும். ஆசிரியர் பப்ரிசியஸ் காட்டிய கதவின் பொருள் அப்போது விளங்கிற்று. கதவுகளெல்லாம் இருதயத்தை நோக்கியே திறக்கின்றன. பின்னாளிலே விஞ்ஞானி றொபேட் பொயில், குருதிச் சுற்றோட்டத்தை நினைக்கத் தூண்டியது யாதென வினவியபோது, இக்கதவுகளின் அமைப்பே தம்மைச் சிந்திக்க வைத்தது என ஹார்வி கூறினாராம்.

நாம் மிசன் கல்லூரியொன்றிலே பயின்ற காலத்தில் எமது விலங்கியல் ஆசிரியர், ஒரு கைலேஞ்சியை எம் புயத்திலே கட்டி, இச்சோதனையை எம் கையிலேயே செய்து காட்டினார். புத்தகத்திலே பத்துமுறை வாசித்தும் மனத்திற் பதியாத உண்மை, எம் தோலின் கீழே நீலநிற முடிச்சாக எழுந்தபோது பதிந்துவிட்டது. அன்றுதொட்டு ஹார்வி எமக்கு ஒரு பெயராக மாத்திரம் இருக்கவில்லை.

சிறு நூலும் பெரும் எதிர்ப்பும்

1628-ம் ஆண்டு ஜேர்மனி தேசத்துப் பிராங்போட் நகரிலே, இலத்தீன் மொழியிலே, 72 பக்கங்கொண்ட சிறு நூலொன்று வெளிவந்தது. இருதயத்தினதும் குருதியினதும் அசைவுபற்றிய அந்நூல் மலிந்த தாளில் அச்சுப்பிழைகள் மலிய வெளிவந்தது. ஆயினும் அதற்கு நிகரான வைத்திய நூல்கள் உலகிலே மிகச் சிலவே.

ஹார்வி கண்ட வழியை இன்றைய அறிவோடு சேர்த்துச் சுருங்கச் சொல்வோம். இருதயம் நாலறையுள்ள ஒரு வீடு. மேலறைகள் இரண்டும் சோணையறைகள். கீழறைகள் இரண்டும் இதயவறைகள். உடலெங்கும் சுற்றிக் களைத்த குருதி வலச் சோணையறையிலே வந்து சேர்ந்து, வல இதயவறைக்கு இறங்கி, அங்கிருந்து சுவாசப்பைக்குத் தள்ளப்படுகின்றது. அங்கே கரியமிலவாயுவை நீக்கிப் பிராணவாயுவைப் பெற்றுச் செந்நிறமாகி, இடச் சோணையறைக்குத் திரும்புகின்றது. பின் இட இதயவறைக்கு இறங்கிப் பெருநாடி வழியே தலைமுதற் பாதம்வரை பாய்கின்றது. அறைகளின் வாயில்களிலே உள்ள கதவுகள் குருதியைப் பின்னோக்கி வரவிடுவதில்லை. வளர்ந்த மனிதனொருவனுடைய இருதயம் ஓரடியிலே ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் தள்ளுகின்றது. ஒரு நிமிடத்திலே ஐந்து லீற்றர். உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறக்குறைய இவ்வளவே. ஆகவே ஓய்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கொருமுறை நம் குருதி உடலைச் சுற்றி வந்துவிடுகின்றது.

நூல் வெளிவந்தபின் ஹார்வியிடம் வைத்தியத்துக்கு வருவோர் தொகை குறைந்ததாம். பொதுமக்களிற் பலர் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதென எண்ணினர். மறுப்பு நூல்கள் எழுந்தன. பாரிஸ் நகரிலே பெரும்புகழ் பெற்ற றியோலான் என்னும் உடற்கூற்று ஆசிரியர், கேலனைக் கைவிட மனமின்றி இறுதிவரை எதிர்த்தார். பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட் 1637-ம் ஆண்டிலே சுற்றோட்டத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் இருதயத்தின் அசைவைப்பற்றி மாறுபட்டார். 1636-ல் தூதுக்குழுவொன்றுடன் ஜேர்மனி சென்றபோது, தம்மை மறுத்த பேராசிரியர் ஹொப்மன் முன்னிலையில் ஹார்வி தாமே சோதனையைச் செய்து காட்டினார். அவர் இணங்கவில்லை. ஹார்வி கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார் என்பர். றியோலானுக்கு 1649-ம் ஆண்டே மறுமொழி எழுதினார். அதிலும் வசைமொழி இல்லை.

அரசரும் போரும்

ஹார்வி ஜேம்ஸ் அரசருக்கும், அவருக்குப் பின் முதலாம் சாள்ஸ் அரசருக்கும் வைத்தியராயிருந்தார். சாள்ஸ் அரசர் தம் வேட்டைக் காடுகளிலுள்ள மான்களை ஹார்வியின் ஆராய்ச்சிக்குக் கொடுத்துதவினார். அயர்லாந்துப் பிரபுவொருவருடைய மகன், இளமையிலே மார்பிற் காயமுற்று, காயம் ஆறியும் துவாரம் மூடாது, உள்ளே இருதயம் அடிப்பது தெரிய வாழ்ந்து வந்தான். ஹார்வி அவ்விளைஞனை அரசரிடம் அழைத்துச் சென்றார். அரசர் அடிக்கும் இருதயத்தைத் தம் விரலாலே தொட்டார். கண்ணை மூடியிருந்தால் அத்தொடுகையை இளைஞன் உணரவேயில்லை. அன்பும் அச்சமும் பிறக்குமிடம் என்று உலகம் கருதும் உறுப்புக்குத் தொடுவுணர்ச்சி இல்லை என்பதை அரசரும் கண்டார்.

1634-ம் ஆண்டிலே லங்காஷயர் மாகாணத்துப் பெண்கள் சிலர் சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தீர்ப்பும் பெற்றனர். ஒரு சிறுவனின் சொல்லே சான்று. நால்வர் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஹார்வியின் மேற்பார்வையிலே மருத்துவிச்சிகளும் சத்திர வைத்தியரும் அவர்களைப் பரிசோதித்தனர். இயற்கைக்கு மாறான எதுவும் அவர்கள் உடலில் இல்லை என அறிக்கை விடுத்தனர். பின்னர் அச்சிறுவனும் தான் கூறியது பொய்யென ஒப்புக்கொண்டான். சோதித்துப் பாராத நம்பிக்கை உயிரையும் பறிக்கவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1642-ல் இங்கிலாந்திலே உள்நாட்டுப் போர் மூண்டது. எட்ஜ்ஹில் போர்க்களத்திலே 12 வயதும் 9 வயதுமான இளவரசர் இருவரைப் பாதுகாக்கும் பொறுப்பு ஹார்வியிடம் விடப்பட்டது. அவர் ஒரு வேலியோரத்திலே அமர்ந்து புத்தகமொன்றை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். பீரங்கிக் குண்டு அருகே வீழ்ந்த பின்னரே இடம் மாறினாராம். அவ்வாண்டே இலண்டனிலிருந்த அவர் விடுதியைப் படைவீரர் சூறையாடினர். பல ஆண்டுகளாக எழுதிவைத்த ஆராய்ச்சிக் குறிப்புக்கள் அழிந்தன. பொன்னையும் பொருளையும் இழந்தமைக்கு வருந்தாதவர், அக்குறிப்புக்களை இழந்தமைக்கு வாழ்நாள் முழுவதும் வருந்தினார்.

இறுதிக் காலம்

அரசர் வீழ்ந்தார். ஹார்வி, மனைவியையும் இழந்து, சகோதரர் இல்லங்களிலே முதுமையைக் கழித்தார். வாதநோய் அவர் கால்களை வருத்தியது. 1651-ல் பிராணிகளின் உற்பத்திபற்றிய பெருநூலை வெளியிட்டார். 1654-ல் வைத்தியர் கழகம் அவரைத் தலைவராகத் தெரிவுசெய்தது. முதுமை காரணமாக ஏற்க மறுத்தார். 1656-ல் தம் பூர்வீக நிலத்தைக் கழகத்துக்கே எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடைபெறவேண்டுமென்றும், அதில் அங்கத்தவர் இயற்கையின் இரகசியங்களைச் சோதனை வாயிலாகத் தேடும்படியும், தம்முள் அன்போடு வாழும்படியும் தூண்டப்படவேண்டுமென்றும் விதித்தார். அச்சொற்பொழிவு இன்றும் நடைபெறுகின்றது.

1657-ம் ஆண்டு யூன் மாதம் 3-ந் திகதி காலையிலே ஹார்வி கண்விழித்தபோது நாவெழவில்லை. பக்கவாதம். நேர்ந்ததை அவர் உணர்ந்தார். சகோதரரின் மக்களை அழைப்பித்து, கைக்கடிகையையும் வேறு சிறு பொருள்களையும் நினைவுக்காகக் கொடுத்தார். அன்று மாலையே 79-ம் வயதில் உயிர்நீத்தார். எக்குருதியின் வழியை உலகுக்குக் காட்டினாரோ அக்குருதியோட்டம் மூளையிலே பழுதுற்றமையே அவருக்கு முடிவாயிற்று.

ஒரு குறை அவர்க்கு இருந்தது. நாடியினின்று குருதி நாளத்துக்கு எப்படிச் செல்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டிலர். அங்கே ஒரு வழி இருந்தேயாகவேண்டும் என்று கணக்கினாலே துணிந்தார். கேலனும் காணாத துளைகளைக் கூறினாரே எனச் சிலர் கேட்கலாம். கேலன் துளைகளுக்கு அளவையில்லை. ஹார்வி கூறிய வழிக்கு அளவை இருந்தது. அவர் இறந்து நாலாண்டு கழித்து, 1661-ல், மல்பீகி என்னும் இத்தாலிய அறிஞர் தவளையின் சுவாசப்பையைப் பூதக்கண்ணாடியாலே நோக்கி, மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். ஹார்வியின் வட்டம் முழுமையுற்றது. 19-ம் நூற்றாண்டின் நடுவிலே டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழிலே ஆக்கியபோது, இவ்வட்டம் நம் மொழிக்கும் வந்து சேர்ந்தது.

நாம் கொள்ளவேண்டியது

இக்கட்டுரையை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. எமது பெரியப்பா ஒருநாள் காலை வழக்கம்போலத் தோட்டத்துக்கு இறைப்புக்குச் சென்றார். நண்பகலிலே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தனர். ஐம்பத்துநான்கு வயது. ஒருநாளும் நோயென்று படுத்தறியாதவர் என்றே வந்தோரெல்லாம் கூறி அழுதனர். அவருடைய குருதியமுக்கத்தை யாரேனும் எப்போதாவது அளந்ததுண்டா என வைத்தியர் வினவியபோது எங்களுள் எவரிடமும் விடையில்லை. நோயறியாதவர் என்று நாம் கூறியது, பாராத துளையை உண்டென்று கூறியது போன்றதே.

குருதி நாடிச்சுவரை அழுத்தும் விசையே குருதியமுக்கம். 1733-ம் ஆண்டு ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், ஒரு குதிரையின் நாடியிலே கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குருதி எட்டடிக்கு மேல் எழுந்ததை வெளியிட்டார். 1896-ல் றிவா றொச்சி என்பார் புயத்திலே பட்டி கட்டி அளக்குங் கருவியை அமைத்தார். 1905-ல் கொறொட்கொவ் என்னும் உருசிய வைத்தியர் அதனைக் காதாற் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். அன்று ஹார்வி கட்டிய துணிக்கட்டே இன்று வைத்தியர் நம் புயத்திற் கட்டும் பட்டியாக வளர்ந்தது எனலாம். 140-க்கு 90 என்னும் அளவை அமுக்கம் மீண்டும் மீண்டும் எட்டுமாயின் அது நோயாகும். அந்நோய்க்கு வலியில்லை, காய்ச்சலில்லை. பல ஆண்டுகள் ஒளிந்திருந்து இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றது. இன்று இலங்கையிலே இறப்புக்குத் தலையாய காரணம் இருதயமும் குருதிக் குழாய்களும் பற்றிய நோய்களே.

இவற்றுட் பெரும்பகுதி தடுக்கத்தக்கது. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியாகிய ஐந்து கிராமுக்குக் குறைவாயிருத்தல் நன்று. கருவாடும் ஊறுகாயும் பொரித்த மிளகாயும் கூடினால் அவ்வளவு இலகுவிற் கடந்துவிடும். நம் தோட்டத்திலே விளைந்து நம் குடும்பங்களுக்குச் சோறிட்ட புகையிலை, சுருட்டாகி வாயிலே புகும்போது நாடிகளைக் கெடுக்கின்றது. பயிரிட்டோரின் பிள்ளைகளாகிய நாம் இதனைக் கூசாது சொல்லவேண்டும். வாரத்தில் 150 நிமிடமாவது விரைந்து நடத்தல், சைக்கிளோட்டம், மண்வெட்டி பிடித்தல் முதலியன இருதயத் தசைக்கு உரமூட்டும். நெஞ்சிலே பாரம் வைத்ததுபோன்ற வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலும், முகமோ கையோ ஒருபக்கம் சோர்ந்தாலும், நாக் குழறினாலும், வாயுவென்று எண்ணிச் சுக்குக் குடித்துக் கிடவாது அக்கணமே வைத்தியசாலையை நாடவேண்டும்.

மனமும் இதிலே பங்குடையது. வலியவனொருவனாலே அவமதிக்கப்பட்டு, அச்சினத்தை எவரிடமுஞ் சொல்லாது உள்ளே அடக்கி, மார்புநோயுற்று மாண்ட பெருமகன் ஒருவரைப்பற்றி ஹார்வி எழுதியிருக்கின்றார். துன்பமும் இன்பமும் அச்சமும் நம்பிக்கையும் இருதயத்தை எட்டாமற் போவதில்லை என்பது அவர் கருத்து. துயரைச் சொல்லி ஆற ஒரு நண்பன் இருத்தலும் மருந்தேயாம். அதனாலன்றோ கழகத்தாரை அன்போடு வாழுமாறு அவர் வேண்டிக்கொண்டார்!

முன்னோர் சொல்லை மதித்த ஹார்வி, அதனை அளந்து பாராமல் ஏற்றாரில்லை. பெரியாரை மதித்தலும் உண்மையைச் சோதித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் வாழ்வு நமக்குக் கூறுவது. ஆகவே இம்மலரை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். வீட்டிலே நாற்பது வயது கடந்த தந்தையார், தாயார், மாமன், மாமி எவராயினும், தமக்கொரு நோயுமில்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாது, அருகிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கட்டணமில்லை. ஒரு பட்டியைப் புயத்திலே கட்டி அளக்க ஐந்து நிமிடம் போதும். எமது பெரியப்பாவுக்கு அந்த ஐந்து நிமிடத்தை நாம் கொடுத்தோமில்லை. உங்கள் வீட்டாருக்கு நீங்கள் கொடுப்பீர்களாக.